டூ ஸ்ட்ரோக் ஏடிவியில் கீழ் இழுவை கூட்டப்போய் நாங்கள் பட்டதும் கற்றதும்

மண்ணில் உருண்டவன்:

கீழ் இழுவை என்றால் குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வண்டி இழுக்கும் பலம். என் வண்டி யமஹா பான்ஷீ, கரடுமுரடில் ஓடும் நாலு சக்கர ஏடிவி. 1987-இல் வந்த அதே 350. இரட்டை சிலிண்டர், சரியாகச் சொன்னால் 347 சிசி. என் கைக்கு வருவதற்கு முன்பே யாரோ அதில் நன்றாக விளையாடியிருந்தார்கள். கம்பெனி கொடுத்த 26 மிமீ கார்பரேட்டர் இரண்டையும் கழற்றிவிட்டு 34 மிமீ மாட்டியிருந்தார்கள். சைலன்சரும் பந்தயத்துக்கானது. சமதளத்தில் பிடித்து முறுக்கினால் உயிர் தொண்டைக்கு வந்துவிடும். ஆனால் கல்லும் வேரும் நிறைந்த மேட்டில் இரண்டாவது கியரில் ஏறச் சொன்னால், இருமிவிட்டு அணைந்துவிடும். கிளட்சை அரைப்பிடியில் வைத்து அலறவிட்டால்தான் நகரும். ஒரே வருடத்தில் இரண்டு செட் கிளட்ச் பிளேட் தேய்ந்தது.

முதலில் செய்தது ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடுகள்) மாற்றியது. ஆக்சிலேட்டருக்கு இன்ஜின் கொஞ்சம் சுறுசுறுப்பாகப் பதில் சொன்னது, அவ்வளவுதான். மேட்டில் அதே இருமல்.

பிறகுதான் முன் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தைப் பார்த்தேன். 14 பல் முன்னால், 41 பல் பின்னால். 41-ஐ 14-ஆல் வகுத்தால் 2.93. முன்னால் 13 பல் போட்டால் 3.15. சக்கரத்துக்குப் போகும் விசை ஏழரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கூடும். உச்ச வேகத்தில் ஏறக்குறைய அதே அளவு குறையும். பாதி நாள் வேலைகூட இல்லை. அன்று சாயங்காலமே அந்த மேட்டில் ஏறினேன், கிளட்சைத் தொடாமல். முன் ஸ்ப்ராக்கெட் சின்னதானால் செயின் ஸ்விங் ஆர்மை (பின் சக்கரத்தைத் தாங்கும் கையை) உரசியபடி ஓடும். அங்கே இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

அதற்கப்புறம் பழைய 26 மிமீ கார்பரேட்டர்களைத் தேடிப்பிடித்து மாட்டினேன். வாய் சின்னதாக இருந்தால் குறைந்த ஆர்பிஎம்மிலும் காற்று வேகமாக ஓடும், பெட்ரோலைச் சரியாக உறிஞ்சித் தூளாக்கும். 34 மிமீ வாயில் அந்த வேகம் கிடைக்க இன்ஜின் அலற வேண்டும். "பெரிய கார்பரேட்டர், பெரிய பவர்" என்று சொல்பவர்கள் மேட்டில் ஓட்டியதே இல்லை என்பது என் கட்சி.

கடைசியாக சைலன்சர். டூ ஸ்ட்ரோக்கில் அது வெறும் சத்தம் குறைக்கும் குழாய் இல்லை. வெளியே போகும் அழுத்த அலை, குழாயின் வயிறு குறுகும் இடத்தில் மோதித் திரும்பிவந்து, தப்பிப்போகப் பார்க்கும் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. எக்சாஸ்ட் போர்ட் (சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளை) மூடும் முன் அந்த அலை வந்து சேர வேண்டும். குழாய் நீளமாக இருந்தால் அலை தாமதமாக வரும், அதாவது குறைந்த ஆர்பிஎம்மோடு பொருந்தும். என் பந்தயக் குழாய் குட்டை. ஒரு நண்பரின் பழைய கம்பெனிக் குழாய்களை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். மேலே கத்துவது குறைந்தது, கீழே ஒரு கியர் கூடினமாதிரி ஆனது. இரவல் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

புகையும் போகும்:

அண்ணே, ஸ்ப்ராக்கெட் மாத்துறதை டார்க் (சுழற்றும் விசை) கூட்டுனதா எப்படிச் சேர்க்கறீங்க? இன்ஜின் கொடுக்கறது அதேதானே?

மண்ணில் உருண்டவன்:

அதேதான். ஆனால் மேட்டுக்கு அது தெரியாது.

புகையும் போகும்:

சரி, ஒத்துக்கிட்டேன். நான் இன்ஜினுக்குள்ள போன கதையச் சொல்றேன். வண்டி சுசுகி எல்டி250ஆர், ஒத்தை சிலிண்டர். கீழ சுத்தமா உயிர் இல்ல. ஹெட்டை (சிலிண்டர் மூடிய) கழட்டாமலே பிளக் ஓட்டை வழியா மெல்லிசு ஈயக்கம்பிய விட்டு, பிஸ்டன் மேல வந்து நசுக்கற மாதிரி கையால சுத்தினேன். நசுங்கின நுனிய அளந்தா 1.8 மிமீ, அதான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. பிஸ்டன் பின்னோட (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் கோக்கற குட்டித் தண்டோட) ரெண்டு முனைக்கு நேரா வச்சு அளக்கணும். வேற பக்கம் வச்சா பிஸ்டன் ஆடிச் சாஞ்சு பொய் சொல்லும்.

1.8 எதுக்கு இவ்வளவுன்னு சிலிண்டரைத் தூக்கிப் பாத்தா, அடியில பேஸ் கேஸ்கட் (சிலிண்டருக்கு அடியில வைக்கற மெல்லிசுத் தகடு) ரெண்டு! போர்ட்டை உயர்த்தி மேல் பவர் எடுக்கலாம்னு முன்னாடி வச்சிருந்தவர் ஒன்னு கூடுதலாப் போட்டிருக்காரு. அரை மிமீ கனமானதை எடுத்துட்டேன். 1.3 ஆச்சு.

இதுல போர்ட் டைமிங் (போர்ட் திறந்து மூடற நேரம்) ரெண்டு டிகிரிகூட மாறிருக்காது. லாபம் வந்தது கம்ப்ரஷன்ல, அதாவது கலவை நசுங்கற அழுத்தத்துல. ஹெட்டுக்குள்ள கிட்டத்தட்ட 1.8 சிசி இடம் குறைஞ்சது. விளிம்புல நசுங்கற கலவை நடுவுக்குப் பீச்சியடிச்சு ஒழுங்கா எரிய ஆரம்பிச்சது. அரை ஆக்சிலேட்டர்லயே பின்னாடி இருந்து யாரோ தள்ற மாதிரி இருந்துச்சு. ஆசையில இன்னும் இறக்கலாம்னு தோணும். 1 மிமீக்குக் கீழ நான் போகல. சூடானதும் கனெக்டிங் ராடு கொஞ்சம் நீளும், பேரிங்ல ஆட்டம் இருக்கும், பிஸ்டன் ஹெட்டை முத்தம் கொடுத்துரும்.

ஏர்கூல்டு ஆள்:

நம்மகிட்ட யமஹா பிளாஸ்டர், 195 சிசி. மேக்னட்டில் (இன்ஜினோடு சுழலும் காந்தச் சக்கரம்) எடை வளையம் சேர்த்தேன். டார்க் கூடியதா என்றால் இல்லை. ஆனால் பாறையில் ஊர்ந்து ஏறும்போது அணைவது நின்றுபோனது. அது போதும் எனக்கு.

கார்பன் வாத்தியார்:

பவர் வால்வு உள்ள இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். குறைந்த ஆர்பிஎம்மில் எக்சாஸ்ட் போர்ட்டின் மேல்பகுதியை மறைத்துவைத்து, ஆர்பிஎம் ஏறியதும் திறந்துவிடுவதுதான் அதன் வேலை. என் வண்டியில் அது கரி படிந்து திறந்த நிலையிலேயே இறுகிவிட்டது. நான் அது தெரியாமல் கார்பரேட்டரின் ஸ்லோ ஜெட்டை (குறைந்த ஆர்பிஎம்முக்குப் பெட்ரோல் விடும் துளை) நாலு முறை மாற்றினேன், ஊசியின் கிளிப்பை ஏற்றி இறக்கினேன். கடைசியில் வால்வைக் கழற்றி, கரியைச் சுரண்டி மாட்டினேன். காசு செலவே இல்லாமல் பழைய இழுவை திரும்பியது. பான்ஷீக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; அதே இன்ஜின் குடும்பத்து யமஹா பைக்கான ஆர்இசட்350-இல் பவர் வால்வு உண்டு, பான்ஷீயில் அதை வைக்கவில்லை.

ஓட்டை பிஸ்டன்:

எல்லோரும் ஜெயித்த கதை. என்னுடையது தோற்ற கதை.

இக்னிஷனை (பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை) 4 டிகிரி முன்னால் நகர்த்தினால் கீழே பிக்கப் வரும் என்றார்கள். வந்தது, உண்மை. மூன்று வாரம் குதூகலமாக ஓட்டினேன். இடையில் ஒரு அறிகுறி: ஆக்சிலேட்டரை விட்டாலும் ஐட்லிங் உடனே இறங்காமல் மேலேயே தொங்கிவிட்டு மெதுவாக இறங்கும். நான் கேபிள் இறுக்கம் என்று நினைத்து எண்ணெய் விட்டேன். ஒரு நீண்ட ஓட்டத்தில், மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில், இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பிஸ்டன் தலையில் விரல் நுழையும் ஓட்டை.

மேக்னட் பக்கத்து கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஆயில் சீல் கிழிந்திருந்தது. அது வழியாகக் காற்று நுழைந்து கலவையை வறளவைத்திருக்கிறது. வறண்ட கலவை, அதோடு முன்னால் நகர்த்திய தீப்பொறி. இரண்டும் சேர்ந்து பிஸ்டனை உருக்கிவிட்டன. எனக்கு முதலில் இழுவை குறைந்ததே அந்தக் கசிவால்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதாவது நோயை விட்டுவிட்டு, நோயாளியை ஓடவிட்டேன்.

இப்போது எந்த மாற்றத்துக்கும் முன்னால் கசிவுச் சோதனை. இன்டேக்கையும் எக்சாஸ்டையும் அடைத்து, பிளக்கை மாட்டிவிட்டு, 6 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காற்றை ஏற்றி 6 நிமிடம் விடுவேன். முள் அசையக் கூடாது. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவினால் எங்கே என்று அதுவே காட்டும்.

புகையும் போகும்:

அண்ணே, நீளமான ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) கிராங்க் யாராவது போட்டிருக்கீங்களா?

மண்ணில் உருண்டவன்:

நான் போடவில்லை; போட்டவரோடு ஒரு நாள் ஓட்டினேன். பான்ஷீயின் 54 மிமீ ஸ்ட்ரோக்கை 58 ஆக்கியிருந்தார். 347 சிசி 373 ஆகிவிடும். கீழ் இழுவை அபாரம், பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் பிஸ்டன் 2 மிமீ கூடுதலாக மேலே வரும், ஹெட்டோ சிலிண்டர் உயரமோ அதற்கேற்ப மாற வேண்டும், போர்ட் டைமிங்கும் நகர்ந்துவிடும். இன்ஜினை முழுக்கப் பிரிக்காமல் முடியாத வேலை. ஸ்ப்ராக்கெட், குழாய், கம்ப்ரஷன் எல்லாம் முடித்தும் பசி அடங்காதவர்களுக்கு.

புது சக்கரம்:

வணக்கம் அண்ணா. போன மாதம்தான் பழைய பான்ஷீ வாங்கினேன். ரீட் வால்வும் நீளக் குழாயும் ஆர்டர் போடப் போகிறேன். எதை முதலில் வாங்கட்டும்?

மண்ணில் உருண்டவன்:

இன்னும் எதுவும் வாங்காதீங்க தம்பி. இன்ஜினைச் சூடாக்கி, ஆக்சிலேட்டரை முழுசாகப் பிடித்து, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கிக் அடித்து, இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து சொல்லுங்க.

புது சக்கரம்:

அளந்தேன் அண்ணா. இடது 125 பிஎஸ்ஐ, வலது 95.

ஓட்டை பிஸ்டன்:

ஓட்டாதீங்க.

மண்ணில் உருண்டவன்:

ஆமாம், நிறுத்திவையுங்க. இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வலது சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டன் பக்கவாட்டில் கீறல் இருக்கா, ரிங் ஒட்டிக்கிடக்கா பாருங்க. சீலையும் சோதித்துவிடுங்க. ஆர்டர் பட்டியலில் ரீட் வால்வை அடித்துவிட்டு கேஸ்கட் செட் எழுதிக்கோங்க.