உபுண்டுவோடு வரும் லேப்டாப்: வைஃபை கார்டு விவரம் தேவை

வணக்கம் நண்பர்களே. கம்பெனியே உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டு விற்கும் லேப்டாப் வாங்க வேண்டும், ரூ. 60,000 வரை, 16 ஜிபி ரேம். ஃப்ரீடாஸ் (விண்டோஸுக்குப் பதில் போட்டுத் தரும் இலவச, எளிய இயங்குதளம்) மாடல் வேண்டாம். அதில் விண்டோஸ் காசு மிச்சம், அவ்வளவுதான். லினக்ஸுக்கு ஒத்துவருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெரிய தலைவலி வைஃபை. ஒரே மாடல் பெயரில் ஒரு பெட்டியில் இன்டெல் கார்டு இருக்கும், இன்னொன்றில் ரியல்டெக். ரியல்டெக் 8852பிஇ கார்டுக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.2 பதிப்பில்தான் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) சேர்ந்தது, உபுண்டு 22.04 முதலில் வந்த 5.15 கெர்னலில் அது வேலை செய்யாது. உபுண்டுவை வெளியிடும் கனோனிகல் நிறுவனத்தின் சான்றிதழ்ப் பட்டியலும் சோதித்த அந்த உள்ளமைப்புக்கு (பாகங்களின் சேர்க்கைக்கு) மட்டுமே பொருந்தும்.

இப்படி உபுண்டுவோடு டெல், லெனோவோ வாங்கியவர்கள், டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci, உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும்) கட்டளை கொடுத்து, நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியை மாடல் எண்ணோடு இங்கே போடுங்களேன். மூடி வைத்தால் ராத்திரியில் சார்ஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதும் தெரிந்தால் பெரிய உதவி.