‘டேக்’ வரும் இடமெல்லாம் ‘எடு’ என்று எழுதினால் ஏன் உதைக்கிறது? உதவி தேவை

கற்றுக்குட்டி எழுதியது:

வணக்கம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதித் தரும் பணியை ஏற்றிருக்கிறேன். முதல் அத்தியாயத்தை முடித்து அனுப்பியதும், அதைச் சரிபார்த்தவர் ‘எடு’ என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரு சொல்கூட எழுதாமல் திருப்பி அனுப்பிவிட்டார். எண்ணிப் பார்த்தேன், பதினாறு வட்டங்கள். மூலத்தோடு ஒப்பிட்டபோது அந்தப் பதினாறு இடங்களிலும் ஆங்கிலத்தில் ‘டேக்’ என்ற ஒரே வினைதான் இருக்கிறது. அகராதியைப் பார்த்துத்தான் எழுதினேன். அதில் முதல் பொருளாக ‘எடு’ என்றே போட்டிருக்கிறது. என் வாக்கியங்களில் சில:

“மாத்திரையை உணவுக்குப் பின் எடுக்கவும்.”
“நோயாளியை மருத்துவரிடம் எடுத்துச் செல்லவும்.”
“காயம் ஆற இரண்டு வாரம் எடுக்கும்.”
“இந்தக் குடுவை இரண்டு லிட்டர் எடுக்கும்.”
“காலையில் நாடியை எடுக்கவும்.”
“இரவில் விழித்திருப்பதில் திருப்பங்களை எடுக்கவும்.”

கடைசி வாக்கியம் எனக்கே புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்திக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்னும் ஒன்பது அத்தியாயங்கள் இருக்கின்றன. இந்த வினை எங்கே என்ன பொருளில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஏதாவது ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள்.

சொல்தேடி எழுதியது:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இதில் திண்டாடுவது நீங்கள் மட்டும் அல்லர். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் இந்த ஒரு வினைக்கு மட்டும் 134 பொருள்களை எண்ணிட்டுப் பிரித்திருக்கிறார். அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு மொழிபெயர்ப்பது நடக்கிற காரியம் அன்று.

இந்தச் சொல் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லும் அன்று. பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்துவந்தது ‘நிமன்’ என்ற வினை. ஜெர்மன் மொழியில் இன்றும் புழங்கும் ‘நேமன்’ அதன் உறவு. இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ‘டாகா’ என்ற சொல் வந்து சேர்ந்து, சில நூற்றாண்டுகளில் ‘நிமன்’ வினையை அறவே ஒதுக்கிவிட்டது. கைகால் மரத்துப்போவதைக் குறிக்கும் ‘நம்’ என்ற ஆங்கிலச் சொல்லில்தான் அந்தப் பழைய வினையின் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உணர்ச்சி ‘கொள்ளப்பட்டது’ என்பதே அதன் அடிப்படை. வந்த சொல்லோ பற்றுதல், பெறுதல், சுமந்து செல்லுதல், ஏற்றல், பொறுத்தல் என்று கண்ட வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டதால், நாளடைவில் தனக்கென்று அழுத்தமான பொருள் இல்லாத, பக்கத்துச் சொல்லின் பொருளைத் தாங்கி நிற்கிற வினையாகப் பல இடங்களில் தேய்ந்துவிட்டது.

ஆகவே பெரிய அகராதி ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்பதே என் யோசனை.

மெய்ப்பு நோக்குபவர் எழுதியது:

சொல்தேடி தந்த வரலாறு சரி. யோசனையில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டியலைப் பார்த்து எழுதினால் நாளுக்கு ஒரு பக்கம்கூட நகராது. வினையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். அந்தப் பெயரை முதலில் தமிழாக்குங்கள். பிறகு ஆங்கில வாக்கியத்தை மூடிவைத்துவிட்டு, இந்தப் பெயரோடு தமிழில் எந்த வினை வழக்கமாகச் சேர்ந்து வரும் என்று உங்கள் காதையே கேளுங்கள். நாடி என்றால் பார்ப்பது. யாரும் நாடியை எடுப்பதில்லை. தேர்வு என்றால் எழுதுவது. பேருந்து என்றால் பிடிப்பது அல்லது ஏறுவது. படம் என்றால் எடுப்பது, பிடிப்பது இரண்டும் உண்டு. சதுரங்கத்தில் எதிரியின் குதிரையை ‘டேக்’ செய்தால் தமிழில் வெட்டுகிறோம். கணக்கில் எட்டிலிருந்து மூன்றை ‘டேக் அவே’ செய்தால் கழிக்கிறோம். இவை எதற்கும் விதி கிடையாது. அந்தந்தப் பெயருக்கு அந்தந்த வினை, அவ்வளவுதான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ‘எடு’ என்பதன் அடிப்படைப் பொருள் உயர்த்துதல், மேலெழுதல், வெளிப்படுதல். பாம்பு படம் எடுக்கிறது, கிணற்றில் நீர் ஊற்றெடுக்கிறது, பசி எடுக்கிறது, துரத்தினால் ஓட்டம் எடுக்கிறான். உள்ளே இருப்பது வெளியே வரும்போதும் கீழே இருப்பது மேலே எழும்போதும் அந்தச் சொல் இயல்பாக உட்காரும். “மாத்திரையை உணவுக்குப் பின் எடுக்கவும்” என்று நீங்கள் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்கும் ஒருவர், சாப்பிட்டு முடித்ததும் டப்பாவிலிருந்து மாத்திரையை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்காகக் காத்திருப்பார்.

ஆங்கில வினைக்குத் தமிழில் நெருங்கிய உறவு ‘எடு’ அன்று, ‘கொள்’. பழந்தமிழிலிருந்தே பெறுதல், பற்றுதல், ஏற்றல், உள்ளடக்குதல், கருதுதல் ஆகிய பொருள்களையெல்லாம் ஒருசேரச் சுமந்து வருவது அந்தச் சொல்தான். உங்கள் குடுவை வாக்கியத்தையே பாருங்கள்: “இந்தக் குடுவை இரண்டு லிட்டர் கொள்ளும்.” கொள்ளளவு என்ற சொல்லே இதிலிருந்து வந்ததுதானே? கணக்கில் எடுப்பது என்று தடுமாறும் இடத்தில் “கருத்தில் கொள்க” என்று எழுதலாம். ‘டேக் பார்ட்’ என்றால் பங்குகொள்ளுதல். ‘டேக் கேர்’ என்றால் பார்த்துக்கொள்ளுதல். ‘ஐ டேக் இட்’ என்று தொடங்கும் வாக்கியம் வந்தால் பலர் திணறுவார்கள்; அதுவோ “என்று கொள்கிறேன்” என்ற நம் பழைய வழக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. சுமந்து செல்வதைக் குறிக்கும் ‘கொண்டு போ’ என்பதிலும் இருப்பது இதே ‘கொள்’ வினைதான்.

கற்றுக்குட்டி எழுதியது:

மிக்க நன்றி. ‘கொள்’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் பாதிச் சுமை இறங்கியது போல இருந்தது. அந்த உற்சாகத்தில் நேற்று இரவே உட்கார்ந்து இரண்டாம் அத்தியாயத்தில் ‘எடு’ இருந்த இடமெல்லாம் ‘கொள்’ போட்டுப் பார்த்தேன். “காயம் ஆற இரண்டு வாரம் கொள்ளும்”, “நோயாளியை மருத்துவரிடம் கொண்டு செல்லவும்” என்று வந்திருக்கிறது. முந்தையதைவிடக் கொஞ்சம் பழங்காலத் தோற்றம் வந்திருக்கிறதே தவிர, சரியாகிவிட்டதாகத் தோன்றவில்லை. எங்கே தவறினேன்?

மெய்ப்பு நோக்குபவர் எழுதியது:

ஒரு சொல்லை இறக்கிவிட்டு அதே நாற்காலியில் இன்னொரு சொல்லை உட்காரவைத்திருக்கிறீர்கள். நான் சொன்ன முதல் பாதியை, அதாவது பெயரைப் பார்த்து வினையைத் தேடுங்கள் என்பதை, விட்டுவிட்டீர்கள்.

காலம் என்ற பெயரோடு தமிழில் சேர்வது ‘ஆகு’ அல்லது ‘பிடி’. “காயம் ஆற இரண்டு வாரம் ஆகும்”. “இந்த வேலை அதிக நேரம் பிடிக்கும்”. ஆங்கிலத்தில் வேலையோ ஆளோ நேரத்தை எடுப்பதாகச் சொல்கிறார்கள். தமிழில் நேரம் தானாக ஆகிறது. எழுவாயே மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். ‘பிடி’ இன்னும் சில இடங்களிலும் கைகொடுக்கும். துணியில் சாயம் ‘டேக்’ ஆகவில்லை என்றால் சாயம் பிடிக்கவில்லை; நட்ட பதியன் ‘டேக்’ ஆனால் வேர் பிடித்துக்கொண்டது; தளர்ந்த சட்டையை ‘டேக் இன்’ செய்யச் சொன்னால் பக்கவாட்டில் பிடித்துத் தைக்கச் சொல்கிறார்கள்.

ஆளை அழைத்துச் செல்வதில் இருக்கும் சிக்கல் வேறு. ஆங்கிலத்தில் பெட்டியையும் ‘டேக்’, பாட்டியையும் ‘டேக்’. தமிழ் அந்த இரண்டையும் ஒன்றாக வைப்பதில்லை. பொருளை எடுத்துச் செல்கிறோம் அல்லது கொண்டு செல்கிறோம். ஆளை அழைத்துச் செல்கிறோம், பேச்சில் கூட்டிக்கொண்டு போகிறோம். நடக்க முடியாதவரைத் தூக்கிச் செல்கிறோம். “நோயாளியை எடுத்துச் செல்லவும்” என்று அச்சில் வந்தால் படிப்பவர் மனத்தில் முதலில் தோன்றும் காட்சி எது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சொல்தேடி எழுதியது:

அகராதி யோசனையை விலக்கிக்கொள்கிறேன். திசை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ‘பிரிங்’ என்றால் பேசுபவரையோ கேட்பவரையோ நோக்கி வருவது. ‘டேக்’ என்றால் பெரும்பாலும் அவர்களைவிட்டு அப்பால் போவது. இதைப் பாடமாகப் படித்து மாணவர்கள் குழம்புவார்கள். தமிழருக்கு அதில் குழம்ப இடமே இல்லை. கொண்டு வா, கொண்டு போ என்று நாமும் பிரிக்கிறோம். தா, வா என்னும் வினைகள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல், கொடு என்பவை படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியச் சொல்லதிகாரமே வகுத்துவைத்திருக்கிறது. கையேட்டில் இந்த இரண்டு ஆங்கில வினைகளும் அடுத்தடுத்து வந்தால் பயப்படாமல் ‘வா’, ‘போ’ இரண்டையும் வைத்துப் பிரித்துவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் மெய்ப்பு நோக்குபவரிடம் ஒரு கேள்வி. “மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அதையும் வெட்டிவிடுவீர்களா?

மெய்ப்பு நோக்குபவர் எழுதியது:

சில ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் வெட்டியிருப்பேன். “மருந்து சாப்பிடு”, எழுத்தில் “மருந்து உட்கொள்” என்பவைதாம் நம் வழக்கு. ‘எடுத்துக்கொள்’ ஆங்கிலத்தின் நிழலில் வளர்ந்தது என்பதே என் கருத்து. ஆனால் நிழலில் வளர்ந்தவையெல்லாம் களை ஆகிவிடா. முடிவு எடுத்தல், நடவடிக்கை எடுத்தல் ஆகியவையும் அப்படி வந்தவை என்றே நினைக்கிறேன். அவற்றை இன்று பிடுங்கி எறிய யாராலும் முடியாது. அதிலும் ‘எடுத்துக்கொள்’ என்று ‘கொள்’ ஒட்டிக்கொண்டு வரும்போது செயலின் பயன் செய்பவரையே சேர்கிறது என்ற குறிப்பு கிடைத்துவிடுகிறது. வெறும் ‘எடு’ தருகிற தடுமாற்றம் அதில் இல்லை. பேச்சு நடையில் எழுதும் துண்டறிக்கையில் விட்டுவிடுவேன். உங்கள் கையேட்டில் மாத்திரையும் உண்டு, தோலில் பூசும் களிம்பும் உண்டு, மூச்சில் இழுக்கும் மருந்தும் உண்டு அல்லவா? ஆங்கிலம் பெரும்பாலும் ‘டேக்’ அல்லது ‘யூஸ்’ என்று சொல்லி நகர்ந்துவிடும். நீங்கள் விழுங்கவும், தடவவும், உள்ளிழுக்கவும் என்று தனித்தனியாக எழுதுங்கள். நோயாளிக்கு அதுதான் பாதுகாப்பு.

‘திருப்பங்களை எடுக்கவும்’ பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். ‘டேக் டர்ன்ஸ்’ என்பது முறை வைத்துக்கொண்டு செய்வது. “இரவில் மாறி மாறி விழித்திருக்கவும்” என்றால் போதும். வினையும் வேண்டாம், பெயரும் வேண்டாம், ‘மாறி மாறி’ என்ற அடுக்கே வேலையை முடித்துவிடுகிறது. இப்படி முழுத் தொடரையும் கரைத்துவிட்டு எழுத வேண்டிய இடங்கள் நிறைய வரும். குறிப்பாக ஆஃப், அவுட், இன், ஆன், அப், ஓவர், ஆஃப்டர் போன்ற குட்டிச் சொற்கள் பின்னால் ஒட்டியிருந்தால் அந்தக் கூட்டை ஒரே சொல்லாகக் கருதுங்கள். சட்டையை ‘டேக் ஆஃப்’ செய்தால் கழற்றுகிறோம். விமானம் ‘டேக் ஆஃப்’ ஆனால் மேலெழும்புகிறது. ஒருவர் தம் அம்மாவை ‘டேக் ஆஃப்டர்’ செய்தால் அம்மாவின் சாயலாக இருக்கிறார். ‘டேக் இன்’ என்பதற்கு மேலே சொன்ன தையல் பொருளோடு, வீட்டில் இடம் கொடுத்தல், உள்வாங்கிப் புரிந்துகொள்ளுதல், ஏமாற்றுதல் ஆகிய பொருள்களும் உண்டு. எது என்பதைச் சூழல்தான் சொல்லும்.

கற்றுக்குட்டி எழுதியது:

இப்போது வேகம் பிடித்துவிட்டது. இரண்டு வாக்கியங்கள் மட்டும் மிச்சம். ஒன்று, நோயாளியின் கோபத்தைப் பற்றியது: ‘டோன்ட் டேக் இட் பர்சனலி.’ “தனிப்பட்ட முறையில் எடுக்க வேண்டாம்” என்பதை நீக்கிவிட்டு, “நோயின் வேதனையில் அவர் கோபப்பட்டால், அது உங்கள் மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்” என்று எழுதியிருக்கிறேன். மற்றொன்று, இந்தப் பராமரிப்புப் பணி ‘டேக்ஸ் இட் அவுட் ஆஃப் யூ’ என்று இருக்கிறது. அதில் எதை எடுக்கிறது என்றே விளங்கவில்லை.

மெய்ப்பு நோக்குபவர் எழுதியது:

முதல் வாக்கியத்தில் நான் தொடுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவதில் எடுக்கப்படுவது தெம்பு. “இந்தப் பணி ஆளை ஓய்த்துவிடும்” என்று எழுதலாம். இதைப் பேச்சில் சொல்வதாக இருந்தால் “உயிரை எடுக்கிற வேலை” என்போம். ‘எடு’ தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது பாருங்கள். கையேட்டில் மட்டும் அப்படி எழுதிவிடாதீர்கள்; நோயாளி படித்துவிடுவார்.

கற்றுக்குட்டி எழுதியது:

பதினைந்து வட்டங்களை முடித்துவிட்டேன். பதினாறாவது: “அலமாரியின் மேல்தட்டிலிருந்து முதலுதவிப் பெட்டியை எடுக்கவும்.” இதற்கு வேறு வினை தேடித் தேடி அலுத்துவிட்டேன். பெயரை மாற்றிப் பார்த்தேன், தொடரைக் கரைத்துப் பார்த்தேன்; எதுவும் பொருந்தவில்லை.

மெய்ப்பு நோக்குபவர் எழுதியது:

அது சரியாகத்தான் இருக்கிறது. வட்டம் போட்டவர் கை வேகத்தில் அதற்கும் சேர்த்துப் போட்டுவிட்டார். அப்படியே விடுங்கள்.