கொலம்பியா ஆறு: நமக்கு சீசன் மூடல், பழங்குடியினர் வலைக்கு மட்டும் அனுமதி ஏன்?

ஆற்றோரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில். வீட்டுக்குப் பக்கத்திலேயே கொலம்பியா ஆறு, அக்கரைக்குப் போனால் போர்ட்லாந்து, அதாவது ஆரிகன் மாநிலம். இங்கே வந்த பிறகுதான் சால்மன் தூண்டில் பழகினேன், இப்போது வார இறுதி என்றால் ஆறுதான்.

விஷயம் இதுதான். இலையுதிர் காலத்தில் சினூக் என்ற பெரிய சால்மன் வகை கடலிலிருந்து ஏறும் நேரத்துக்காக வருஷம் பூராவும் காத்திருக்கிறோம். உரிமம் எடுத்து, படகை ரெடி பண்ணி, லீவு போட்டு வைத்தால், திடீரென்று ஒரு அறிவிப்பு வருகிறது: இந்தப் பகுதியில் நாளை முதல் சினூக் வைத்துக்கொள்ளக் கூடாது. சரி என்று தூண்டிலைச் சுருட்டிவிட்டு அதே வாரம் பானவில் அணைக்கு மேலே காரில் போனால், ஆற்றில் வரிசையாக வலை மிதவைகள். பழங்குடியினர் வலையாம், அதற்குத் தடை இல்லையாம். கீழே ஆஸ்டோரியா பக்கம் வணிகப் படகுக்காரர்கள் வேறு வலை விடுகிறார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு மீன் பிடிக்கிறவனை நிறுத்திவிட்டு வலையை விடுவது எப்படி நியாயம்?

படகுத்துறையில் யாரிடம் கேட்டாலும் "வலையை எடுத்தால் போதும், மீன் தானாகப் பெருகும்" என்கிறார்கள். எனக்கு யாரையும் திட்ட வேண்டியதில்லை. யாருக்கு எவ்வளவு பங்கு, அது எங்கிருந்து வந்தது, இரண்டு மாநிலங்கள் ஒரே எல்லை ஆற்றை எப்படிப் பிரித்துக்கொள்கின்றன, இதெல்லாம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் நல்லது.

டேல்ஸ் குமரன்:
உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் தூண்டில்காரன்தான். ஆனால் நீங்கள் இரண்டு வலையை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். பானவிலுக்குக் கீழே கடல் வரைக்கும் இருப்பது வணிக மீனவர்களின் செவுள்வலை, அவர்கள் மாநில உரிமம் வாங்கியவர்கள். பானவிலிலிருந்து மேலே மெக்நேரி அணை வரைக்கும், கிட்டத்தட்ட 235 கிலோமீட்டர், ஆறாம் மண்டலம் என்பார்கள், அங்கே வணிகத்துக்கு வலை போடும் உரிமை நான்கு பழங்குடி இனங்களுக்கு மட்டும்: யாக்கிமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ். முதலாவது மாநிலம் கொடுத்த அனுமதி, மாநிலம் நினைத்தால் எடுத்துவிடலாம். இரண்டாவது அப்படி இல்லை.

எனக்கு உண்மையான வருத்தம் கீழ்ப்பகுதி வணிக வலை மேலேதான். தூண்டிலில் மீன் வந்தால் முதுகுக்கும் வாலுக்கும் நடுவே இருக்கும் சின்னத் துடுப்பைப் பார்க்கிறோம். அது வெட்டப்பட்டு தழும்பு ஆறியிருந்தால் பண்ணையில் பிறந்த மீன், வைத்துக்கொள்ளலாம். முழுசாக இருந்தால் ஆற்றில் பிறந்தது, பல சீசன்களில் அதைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே விட வேண்டும். செவுள்வலைக்கு அந்தக் கண் கிடையாது. கண்ணியில் செவுள் மாட்டிய மீன் மூச்சு முட்டிவிடும், அதற்கப்புறம் துடுப்பைப் பார்த்து என்ன பயன்? 2012இல் ஆரிகனில் இந்த வலையைத் தடை செய்ய வாக்கெடுப்பு வந்தது, தோற்றுப்போனது. அப்புறம் இரண்டு மாநிலங்களும் சேர்ந்து வணிக வலையைப் பிரதான ஆற்றிலிருந்து ஒதுக்கி யங்ஸ் பே மாதிரி ஓரக் கழிமுகங்களுக்கு நகர்த்துவது என்று திட்டம் போட்டன. பாதி நடந்தது, பாதி இழுபறி. என் கருத்து, அது முழுதாக நடக்க வேண்டும். பழங்குடியினர் வலையைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், அது வேறு கணக்கு.

சீலைலோ வாசகி:
அந்த வேறு கணக்கைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படகுத்துறையில் யாரும் அதைச் சொல்வதில்லை.

1855இல் இந்த இனங்கள் அமெரிக்க அரசோடு உடன்படிக்கை போட்டன. லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார்கள். கொடுக்காமல் வைத்துக்கொண்டதில் முக்கியமானது மீன்: காலங்காலமாகப் பிடித்துவந்த இடங்களில் எல்லாம் மற்ற குடிமக்களோடு சேர்ந்து பிடிக்கும் உரிமை. ஆகவே இது அரசு போட்ட சலுகை இல்லை, அவர்கள் தங்களுக்கென்று விட்டுவைத்துக்கொண்ட சொத்து. 1905இல் வைனன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. ஆற்றங்கரை நிலத்தை வாங்கிய வைனன்ஸ் சகோதரர்கள் அங்கே மீன் சக்கரம் (நீரோட்டத்தில் சுழன்று மீனை அள்ளும் பொறி) வைத்துக்கொண்டு யாக்கிமா மக்களை உள்ளே விடாமல் தடுத்தார்கள். மீன் அவர்களுக்குச் சுவாசிக்கும் காற்றைவிட அதிகம் குறைந்ததல்ல என்கிற அர்த்தத்தில் நீதிபதிகள் எழுதி, அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு கொடுத்தார்கள்.

அப்படியும் மாநிலங்கள் கைது செய்வதை நிறுத்தவில்லை. 1968இல் டேவிட் சொஹாப்பி என்ற யாக்கிமா மீனவர் கைதானார், அதிலிருந்து வந்த வழக்கில் 1969இல் நீதிபதி பெல்லோனி, பழங்குடியினருக்கு நியாயமான பங்கு கிடைக்க வேண்டும் என்றார். 1974 பிப்ரவரியில் நீதிபதி போல்ட், வாஷிங்டனின் மற்ற ஆறுகளைப் பற்றிய வழக்கில், அந்தப் பங்கு என்பது பிடிக்கக்கூடிய மீனில் பாதி வரை என்று தீர்த்தார். அதே அளவை பெல்லோனி கொலம்பியாவுக்கும் கொண்டுவந்தார். உச்ச நீதிமன்றம் 1979இல் போல்ட் தீர்ப்பை உறுதி செய்தது.

இனி சீலைலோ. டேல்ஸ் ஊருக்குக் கொஞ்சம் மேலே இருந்த அருவி. பாறை மேல் மரச் சாரம் கட்டி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, நீளக் கம்பு வைத்த கைவலையை நுரைக்குள் இறக்கி சால்மன் அள்ளுவார்கள். எந்தச் சாரம் எந்தக் குடும்பத்துக்கு என்று பரம்பரையாக முறை இருந்தது. 1957 மார்ச் 10 அன்று டேல்ஸ் அணையின் மதகை மூடினார்கள், சில மணி நேரத்தில் அருவி முழுதாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. அருவி போன பிறகு தேங்கிய தண்ணீரில் வலைதான் வழி. நீங்கள் காரிலிருந்து பார்த்த மிதவை வரிசை அங்கிருந்து வந்தது.

அதற்கு முன்பே பானவில் அணை (1938) மூழ்கடித்த மீன்பிடி இடங்களுக்குப் பதிலாக 400 ஏக்கர் தருவோம் என்று அரசு சொன்னது. பல பத்தாண்டு வரைக்கும் தந்தது அதில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான். ஒரு பக்கம் வாக்குக் கொடுத்துவிட்டு மறுபக்கம் இடத்தையே மூழ்கடித்தவர்களை விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் தண்ணீரில் வலை போடுகிறவரைப் பார்த்து "இவர்களால்தான் மீன் இல்லை" என்று சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

வலைதான் காரணம் என்ற பேச்சு முன்னாலும் நடந்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அணைகளுக்கு நடுவே சுமார் 40,000 மீன் காணாமல் போய்விட்டது, பழங்குடி மீனவர்கள் திருடிவிட்டார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. மாறுவேடத்தில் ஆளனுப்பி மீன் வாங்கினார்கள், சொஹாப்பிக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை. பிறகு தெரியவந்தது, ஜான் டே அணை பக்கம் ஓர் அலுமினிய ஆலையின் கழிவால் மீன்கள் மேலே ஏறாமல் தயங்கி வேறு கிளைகளுக்குப் போயிருந்தன. சொஹாப்பி 1988இல் வெளியே வந்தார், 1991இல் இறந்துவிட்டார்.

ஆற்றோரன்:
நன்றி வாசகி, இது எதுவுமே எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி இன்னும் இருக்கிறது. பங்கு பாதி என்றால், எங்கள் பாதி தீர்ந்து போனதால்தான் மூடினார்களா? அவர்கள் எத்தனை பேர், இந்தப் பக்கம் தூண்டில்காரர்கள் எத்தனை பேர், தலைக்கணக்கு பார்க்கக் கூடாதா?

மேல்நீர்:
தலைக்கணக்கு இதில் வராது. உடன்படிக்கை இரண்டு தரப்புக்கு நடுவே ஆனது, ஒரு பக்கம் ஆள் கூடிவிட்டார்கள் என்பதால் மறுபக்கத்துப் பங்கு குறையாது. பாகப்பிரிவினையில் அண்ணனுக்குப் பத்துப் பிள்ளை என்பதற்காகத் தம்பி வயலில் வரப்பைத் தள்ளிப் போட முடியுமா?

மூடலுக்கு வருவோம். கொலம்பியா வடிநிலத்தில் 13 சால்மன், ஸ்டீல்ஹெட் (சால்மன் போலவே கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் டிரௌட் மீன்) கூட்டங்கள் அழியும் அபாயச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன. அதனால் கணக்கு பிடித்த மீனின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, பாதுகாக்கப்பட்ட கூட்டத்தில் எத்தனை சதவீதம் சாகலாம் என்பதில் இருக்கிறது. வசந்த கால சினூக்குக்கு, பழங்குடியினர் தவிர்த்த எல்லாருக்கும், அதாவது நமக்கும் வணிகப் படகுக்கும் சேர்த்து, பல ஆண்டுகளில் அது 2 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அதில் பெரும்பங்கு தூண்டிலுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் விட்டுவிட்ட மீனில் ஒரு பகுதி பின்னால் செத்துப்போகும் என்று அதையும் உங்கள் கணக்கில் எழுதுவார்கள். ஆயிரக்கணக்கான படகுகள் இறங்கி நன்றாகக் கடித்தால் அந்த ஒதுக்கீடு சில நாளில் காலி, உடனே அறிவிப்பு. மூடல் வருவது பெரும்பாலும் நம் ஒதுக்கீடு தீர்ந்ததால், வலைக்காரருக்கு அள்ளிக் கொடுக்க இல்லை.

அவர்களும் நினைத்த நேரத்தில் வலை விடுவதில்லை. சீசனில் வாரத்துக்குச் சில நாள்தான், எந்த நாள், எந்த அளவுக் கண்ணி என்று முன்கூட்டியே வரும். இலையுதிர் காலத்தில் குறைந்தது 8 அங்குலக் கண்ணி என்று வைத்தால் பெரிய சினூக் மாட்டும், ஒல்லியான ஸ்டீல்ஹெட் பெரும்பாலும் நழுவிப் போகும்.

எல்லை பற்றிக் கேட்டீர்கள். ஆற்றின் கடைசி 480 கிலோமீட்டர் சுமாருக்கு நடுவே மாநில எல்லை ஓடுகிறது. இரண்டு மாநிலமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்துக்கு 1918இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது, வணிக மீன்பிடிப்பு சீசனை இரண்டும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவு செய்யும். தூண்டில் விதியை அவரவர் மாநிலம் போடும், ஆனால் எல்லை ஆற்றில் முரண்படாமல் இருக்க அதையும் பெரும்பாலும் ஒன்றாகவே அறிவிப்பார்கள். இதற்கெல்லாம் மேலே மாநிலங்கள், பழங்குடி இனங்கள், மத்திய அரசு எல்லாம் கையெழுத்திட்ட நீதிமன்ற ஒப்பந்தம் இருக்கிறது, இப்போதையது 2018 முதல் 2027 வரை. ஆறு கனடாவில் பிறக்கிறது, ஆனால் பிரதான ஆற்றின் அந்தப் பகுதிக்கு இப்போது கடலிலிருந்து சால்மன் ஏறுவதில்லை, 1942இல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் மீன் ஏணியே (மீன் அணையைத் தாண்டி ஏறும் படிவழி) வைக்கவில்லை.

டேல்ஸ் குமரன்:
மேல்நீர் சொன்னதோடு ஒன்று. அணை வருவதற்கு முன்னால், மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வருவதற்கும் முன்னால், இந்த ஆற்றில் வருஷத்துக்கு 1 கோடி முதல் 1.6 கோடி மீன் ஏறியதாக மதிப்பீடு. 1866இல் முதல் டப்பா ஆலை வந்தது, 1880களிலேயே சினூக்கின் வணிகப் பிடிப்பு உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்துவிட்டது. அதைச் செய்தது பழங்குடியினர் இல்லை. 2015 கோடையில் ஆறு சூடாகிப் போனதில் ஏறிய சாக்கை என்ற சால்மன் வகையில் பாதிக்கு மேல், சுமார் இரண்டரை லட்சம், முட்டையிடும் இடத்துக்குப் போகாமலே செத்தன. ஒரு வலையும் இல்லாமல்.

மேல்நீர்:
மீனைத் திருப்பிக் கொண்டுவரும் வேலையையும் பாருங்கள். கொலம்பியாவில் வந்து சேரும் ஸ்னேக் ஆற்றில் கோஹோ என்ற சால்மன் வகை 1986இல் அழிந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். நெஸ் பெர்ஸ் இனத்தார் 1990களில் முட்டை கொண்டுவந்து குஞ்சு விட ஆரம்பித்தார்கள், 2014இல் ஐடஹோவில் கோஹோவுக்குத் தூண்டில் சீசனே திறந்தது. அதே ஸ்னேக்கில் 1990இல் லோயர் கிரானிட் அணையைத் தாண்டிய இயற்கை இலையுதிர் சினூக் வெறும் 78. இன்று ஆயிரக்கணக்கில் ஏறுகின்றன, அதிலும் அவர்கள் பண்ணைகளின் பங்கு பெரிது. நம் தூண்டிலில் மாட்டுகிற மீனில் சில அவர்கள் வளர்த்து விட்டவை.

சீலைலோ வாசகி:
ஆற்றோரன், முடிந்தால் செப்டம்பரில் ஒரு நாள் காஸ்கேட் லாக்ஸ் போங்கள், கடவுளர் பாலத்துக்குப் பக்கம். பிடித்த மீனை அவர்களே கரையில் விற்பார்கள். ஐஸ் போட்ட பெட்டியும் கையில் ரொக்கமும் கொண்டுபோங்கள். எந்தக் குடும்பம், எங்கே வலை என்று கேட்டால் நிறையப் பேர் மனம் விட்டுப் பேசுவார்கள், வாங்கிவிட்டுப் பேசினால் இன்னும் நல்லது. கொஞ்சம் மீன் போதும் என்றால் வெட்டித் தரவும் சிலர் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

படகில் மேலே போகும்போது மிதவைக்கு அருகே வேகம் எடுக்காதீர்கள், இரண்டு மிதவைக்கு நடுவே புகுந்து போகாதீர்கள். மிதவையில் எண் இருக்கும், அது ஒரு குடும்பத்தின் அந்த சீசன் வருமானம். அறுந்த வலை அடியில் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கும்.

ஆற்றோரன்:
சரி, போகிறேன். வணிக வலை பற்றி குமரன் சொன்னதில் எனக்கு இன்னும் அதே கருத்துதான், இரண்டு மாநிலமும் சேர்ந்து நடத்தும் அடுத்த பொது விசாரணையில் அதை மட்டும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஆறாம் மண்டலத்தைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இருக்காது. கூட வர விரும்புகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.