நீடித்து நிற்கும் கண் ஊசி மருந்துகள்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

மதுரையிலிருந்து, நோயாளியின் மகள்:

வாசல் நிலைக்கால் நடுவில் வளைந்து தெரிகிறது என்று அம்மா சொன்ன பிறகுதான், அவருக்கு விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலா சிதையும் நோயின் ஈர வகை வந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது. விழித்திரைக்கு அடியில் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்கள் வலுவற்றவை என்பதால் நீரும் ரத்தமும் கசிந்து நேர்ப்பார்வையைக் கெடுக்கின்றன என்றும், அவற்றை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்த வேண்டும் என்றும் டாக்டர் விளக்கினார். கண்ணுக்குள் ஊசியா என்று அம்மா பதறிப்போனார். ஆனால் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, பீட்டாடினால் கழுவி, இமைகளை விலக்கிப் பிடிக்கும் கம்பியைப் பொருத்தி, கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளை விழியில் ஊசி போட்டு முடிக்கச் சில நொடிகளே ஆயின. மாதம் பிறந்தால் மறுபடியும் போக வேண்டும், ஒருவர் விடுப்பு எடுக்க வேண்டும், செலவுக்குப் பணம் புரட்ட வேண்டும் என்பதுதான் எங்களை இன்றுவரை வாட்டுகிறது. ஒரே தடவையில் கூடுதலாக மருந்து போட்டால் ஆறு மாதம் தாங்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். அதே கேள்வியை இங்கும் வைக்கிறேன்.

மருந்தாக்க ஆய்வகத்தில் பணியாற்றும் உறுப்பினர்:

அம்மையாரின் கேள்வி மிக நியாயமானது. எங்கள் துறை பல ஆண்டுகளாக அதைச் சுற்றியே உழைத்துவருகிறது. 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, வி.இ.ஜி.எஃப்.-ஐ அடக்கும் மருந்தான ராணிபிசுமாபை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குள் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 9 நாள். அதாவது 9 நாளுக்கு ஒருமுறை இருப்பு பாதியாகக் குறைகிறது. எனவே அளவை இரு மடங்காக்கினால் நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 9 நாள், நான்கு மடங்காக்கினால் 18 நாள். அளவை மட்டும் ஏற்றி ஆறு மாதத்தை எட்ட முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே புலப்பட்டுவிடும்.

அளவை ஏற்றுவதும் எளிதன்று. கண்ணின் உட்புறத்தை நிரப்பும் கூழ் மொத்தமே சுமார் 4 மில்லிலிட்டர்தான் என்பதால், கண் அழுத்தம் ஏறிவிடாமலிருக்க வழக்கமாக 0.05 மில்லிலிட்டர் மட்டுமே செலுத்துகிறார்கள். அந்தச் சிறு துளிக்குள் புரதத்தை நெருக்கி அடைக்க அடைக்கக் கரைசல் கெட்டியாகிவிடும். செறிவு மிகுந்த மாதிரி ஒன்றை 30 கேஜ் என்ற மிக மெல்லிய ஊசி வழியே தள்ளிப் பார்த்தபோது, சிரிஞ்சின் தண்டை அழுத்திய சக பணியாளரின் கட்டைவிரல் வெளுத்துப்போயிற்றே தவிர, ஊசி முனையில் திரண்ட துளி விழவே இல்லை. நெருக்கத்தில் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் ஆபத்தும் உண்டு. அத்தகைய திரள்கள் கண்ணில் அழற்சியைக் கிளப்பக்கூடும் என்பதால், தெளிவாகத் தெரியும் கரைசலைக்கூட நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் துகள்களை எண்ணிய பிறகே நாங்கள் அடுத்த படிக்கு நகர்வோம். இத்தனை தடைகளையும் தாண்டித்தான் 2 மில்லிகிராமாக இருந்த, இதே வகை மருந்தான அஃப்லிபெர்செப்ட், 0.07 மில்லிலிட்டரில் 8 மில்லிகிராமாக 2023-இல் அனுமதி பெற்றது.

மற்றொரு வழி மூலக்கூறையே மாற்றுவது. ராணிபிசுமாப் 48 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடை கொண்டது. இதே வகையில் புதிதாக வந்த ப்ரொலுசிசுமாபை 26 கிலோடால்டனாகச் சுருக்கியதால், எண்ணிக்கையில் 2 மில்லிகிராம் அஃப்லிபெர்செப்டைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான மூலக்கூறுகளை ஒரே ஊசியில் செலுத்த முடிந்தது. 2019-இல் அது வந்தபோது எங்கள் ஆய்வகத்தில் இருந்த உற்சாகம் இன்னும் நினைவிருக்கிறது. சில மாதங்களிலேயே, 2020 தொடக்கத்தில், விழித்திரை ரத்தக் குழாய்களில் அழற்சி ஏற்பட்டதாக அமெரிக்க விழித்திரை வல்லுநர் சங்கம் எச்சரித்தது; சிலர் பார்வையையே இழந்தனர். எதிர்த்திசையில் சென்று, வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தோடு நீண்ட பல்பகுதியம் (பாலிமர்) ஒன்றை இணைத்து 950 கிலோடால்டன் அளவுக்குப் பெரிதாக்கிய கே.எஸ்.ஐ.-301 என்ற மருந்து, மெதுவாகவே கண்ணைவிட்டு வெளியேறும் என்று நம்பப்பட்டது. ஆனால் ஈர வகை நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் அஃப்லிபெர்செப்டுக்கு ஈடாக அதனால் நிற்க முடியவில்லை என்று 2022-இல் தெரியவந்தது. மருந்து கண்ணில் தங்குவதும், நோயை அடக்கும் அளவில் தங்குவதும் வேறு வேறு என்பதை நான் அந்த முடிவிலிருந்தே முழுமையாக உணர்ந்தேன்.

அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய சஸ்விமோ என்ற கலனைக் கண் சுவரில் பொருத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்து நிரப்பும் முறையும் 2021-இல் அனுமதி பெற்றது. மாதந்தோறும் ஊசி போடுவதைவிடக் கண்ணுக்குள் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்ற எச்சரிக்கை அதன்மேல் இருக்கிறது. மருந்து நிரப்பும் வாயின் அடைப்பு நழுவியதால் 2022-இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தப்பட்ட பின் 2024-இல் மீண்டும் வந்தது. மெல்லக் கரையும் ஜெல்லில் அக்ஸிடினிப் என்ற மருந்தை வைத்து உள்ளே விடும் முறையும், கண்ணின் செல்களையே மருந்துப் புரதத்தைச் சுரக்க வைக்கும் மரபணு சிகிச்சையும் ஆய்வில் உள்ளன. மரபணு சிகிச்சையைப் பொறுத்தவரை, அழற்சி வந்தால் நிறுத்துவதற்கு வழி என்ன என்பதே என் முதல் கவலை.

லண்டனிலிருந்து, நீரிழிவு நோயாளி:

எனக்கு இரு கண்களிலும் மாக்குலாவில் நீர் கோத்திருந்தது. ஃபாரிசிமாப் போடுகிறார்கள், அது ஒரு கையால் வி.இ.ஜி.எஃப்.-ஐயும், மறு கையால் ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்தும் ஆஞ்ஜியோபொயட்டின்-2-ஐயும் பிடிக்கிறது என்று செவிலியர் ஒருவர் சொன்னார். ஒவ்வொரு முறையும் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்து, நீர் இல்லையென்றால் இடைவெளியை நீட்டுவார்கள். நீர் தெரிந்தால் குறைப்பார்கள். என் வலக்கண் நான்கு மாதம் வரை தாங்குகிறது. அதே மருந்து, அதே அளவு, அதே உடம்பு. ஆனால் இடக்கண்ணில் இரண்டு மாதம் தாண்டினால் ஸ்கேனில் கரும்புள்ளிகளாக நீர் தெரிகிறது. ஆகவே மதுரைச் சகோதரி, புதிய மருந்து 16 வாரம் வரை தாங்கும் என்று யாராவது சொன்னால், உங்கள் அம்மாவின் கண் எத்தனை வாரத்தில் கசியத் தொடங்குகிறது என்பதை முந்தைய ஸ்கேன்களை வரிசையாக வைத்து டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை போட்ட தேதிகளையும் ஸ்கேன் தாள்களையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.