ஊசி குத்தும்போது குறைமாதக் குழந்தைக்கு வலிக்காமல் இருக்க என்ன செய்தீர்கள்?

காசிமேடு அம்மா:
என் மகள் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். என்ஐசியுவில், அதாவது பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், சுகர் பார்க்க குதிகாலில் குத்திக்கொண்டே இருப்பார்கள். முதலில் வீறிட்டாள், அப்புறம் சத்தமே இல்லை. "புள்ள பழகிடுச்சு" என்று மாமியாருக்கு நிம்மதி. டியூட்டி சிஸ்டர்தான், "பழகலம்மா, அழத் தெம்பில்ல. மொகத்தப் பாருங்க" என்றார். புருவம் புடைத்து, கண் இறுகி, மூக்கோரத்தில் ஒரு மடிப்பு. மானிட்டரில் துடிப்பு ஏற, ஆக்சிஜன் இறங்கியது. அடுத்த முறை, கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி, ஒரு கையால் தலையை அணைத்து, மறு கையால் கால்களை வயிற்றோடு மடக்கிப் பிடிக்கவைத்தார். பீய்ச்சி வைத்திருந்த என் பாலில் சில சொட்டு நாக்கில் விட்டுவிட்டுத்தான் குத்தினார். முகம் சுருங்கியது, ஆனால் சட்டென்று தெளிந்தது.

வியாசர்பாடி ஸ்டாஃப் நர்ஸ்:
அந்த சிஸ்டருக்கு ஒரு சலாம். பால் இல்லாதபோது நாங்கள் 24 சதவீத சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசலைச் சொட்டுக் கணக்கில் தருவோம், குத்துவதற்கு 2 நிமிடம் முன்னால். சேனை வைப்பதுபோல் இருக்கிறதே என்று பாட்டிமார்கள் வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டாம், அது வேறு கதை. மரத்துப்போகும் க்ரீம் கேட்பார்கள். குதிகால் குத்தலுக்கு அது பலன் தருவதில்லை. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று 1980கள் வரை பெரிய டாக்டர்களே நம்பினார்கள். போதுமான வலிமருந்து இல்லாமலே ஆபரேஷன்கூட நடந்தது. 1987இல் டாக்டர் கே.ஜே.எஸ். ஆனந்த் குழுவினர் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய ஆய்வு அதை ஆட்டம் காணவைத்தது: வலிமருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்குப் பின் சிக்கல் குறைவு.

திருவொற்றியூர் அப்பா:
ஊசியைவிட எங்களுக்குக் கொடுமை விழித்திரைப் பரிசோதனைதான். இமையை விரிக்க ஒரு கம்பி வைப்பார்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்து, துணிச் சுற்று, இனிப்புக் கரைசல் எல்லாம் கொடுத்தும் கத்தினான். வலி குறையும், போகாது. அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், பார்வை சம்பந்தப்பட்டது. ஓரிடத்தில் "அப்பா வெளிய நில்லுங்க" என்றார்கள். இன்னோரிடத்தில் முடிந்த கையோடு சட்டைப் பட்டனைக் கழற்றச் சொல்லி மார்பில் போட்டார்கள், தோலோடு தோல் படும் கங்காரு முறையில். கொஞ்ச நேரம் விசும்பினான், அப்படியே தூங்கிவிட்டான். அப்பாக்களே, கேட்டு வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள்.

காசிமேடு அம்மா:
அண்ணா, எங்களுக்கும் அடுத்த வாரம் கண் பரிசோதனை. வீட்டுக்காரரைக் கூட்டிப்போகிறேன்.