‘ப்ரீமா சேதெஸ்’ கோட்பாட்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘மன்றேறாமை’ என்னும் முன்மொழிவு

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

திருத்தந்தைமீது (போப்பாண்டவர்மீது) குற்றச்சாட்டு எழுந்தால் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் அதை எவ்வாறு கையாள்கிறது என்பதைக் குறிக்க நம்மிடம் ஒரு சொல் இல்லை என்று தொடங்கிய இந்த இழையில், ‘சட்டவிலக்கு’, ‘தண்டனை விலக்குரிமை’, ‘தீர்ப்புக்கு அப்பாற்பட்ட நிலை’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. மூன்றும் அக்கறையோடு முன்வைக்கப்பட்டவை. ஆயினும் மூன்றுமே சட்டம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகின்றன என்பது என் கருத்து. அதை விளக்கிவிட்டு, நான்காவதாக ஒரு சொல்லை வைக்க விரும்புகிறேன்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். 1983-இல் வெளியான இலத்தீன் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1404-ஆம் இலக்கம் ஐந்தே சொற்களால் ஆனது: ‘ப்ரீமா சேதெஸ் ஆ நேமினே யூதிக்காத்தூர்’, அதாவது முதற்பீடம் (திருத்தந்தையின் உரோமைப் பீடம்) எவராலும் தீர்ப்பிடப்படுவதில்லை. 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இதே விதி 1556-ஆம் இலக்கமாக இருந்தது. கீழைத் திருச்சபைகளுக்காக 1990-இல் வந்த தொகுப்பின் 1058-ஆம் இலக்கமோ ‘முதற்பீடம்’ என்னாமல் ‘உரோமைத் திருத்தந்தை’ என்றே சொல்கிறது. ஒரு தொகுப்பு பீடத்தைச் சுட்டுகிறது, மற்றொன்று ஆளைச் சுட்டுகிறது. ஆகவே பீடம் என்பதையோ ஆள் என்பதையோ உள்ளடக்கிச் சொல் அமைத்தால் ஏதேனும் ஒரு தொகுப்புக்கு அது பொருந்தாமல் போகும். இரண்டுக்கும் பொதுவாக நிற்பது வினையே. நம் சொல்லும் வினையிலிருந்தே பிறக்கவேண்டும்.

இனி, ‘சட்டவிலக்கு’ என்பதை எடுத்துக்கொள்வோம். திருத்தந்தை சட்டத்துக்கு வெளியே நிற்பவர் என்று திருச்சபை எங்கும் கற்பிக்கவில்லை. இறைச்சட்டம் மற்ற விசுவாசிகளைப் போலவே அவரையும் கட்டுப்படுத்துகிறது. ‘விலக்கு’ என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்து, அந்த அதிகாரம் குறிப்பிட்ட ஒருவரிடம் மட்டும் செல்லாது என்னும்போதுதான் விலக்கு என்கிறோம். தூதர்களுக்கு உள்ளது அதுதான். 1929-ஆம் ஆண்டின் இலாத்தரன் உடன்படிக்கைக்குப் பின் வத்திக்கான் நகர நாட்டின் தலைவர் என்ற வகையில் அயல்நாட்டு நீதிமன்றங்களின் முன் திருத்தந்தைக்கு உள்ளதும் அதுதான். அந்தப் பொருளுக்கு ‘விலக்குரிமை’ முற்றிலும் பொருத்தமானது; அங்கேயே அது இருக்கட்டும். 1404-ஆம் இலக்கம் பேசுவது திருச்சபைக்கு உள்ளே, அவருக்கு மேலே, தீர்ப்பளிக்கும் அவையே இல்லை என்பதை. ‘தண்டனை விலக்குரிமை’ இதைவிடவும் சுருங்கியது. விதி குற்ற வழக்குகளுக்கு மட்டும் உரியதன்று; எவ்வகை வழக்குக்கும் அது பொதுவானது.

மூன்றாவது சொல் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. ‘தீர்ப்புக்கு அப்பாற்பட்டவர்’ என்று எழுதினால், ‘அவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை’ என்றே சாதாரண வாசகர் படிப்பார். 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்த தவறா வரத்தோடு (விசுவாசம், ஒழுக்கம் பற்றித் திருத்தந்தை அதிகாரபூர்வமாக வரையறுத்துக் கற்பிப்பதில் தவறமாட்டார் என்ற கோட்பாட்டோடு) சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் செய்வார். உண்மையில் 212-ஆம் இலக்கத்தின் மூன்றாம் பத்தி, திருச்சபையின் நலன் குறித்த தம் கருத்தை திருச்சபையின் மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை மட்டுமன்று, சில வேளைகளில் கடமையும் உண்டு என்கிறது. முதல் திருத்தந்தையாகக் கருதப்படும் பேதுருவைப் பவுல் நேருக்கு நேர் எதிர்த்ததைக் கலாத்தியர் திருமுகமே பதிவு செய்திருக்கிறது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 2014 மார்ச் 28 அன்று புனித பேதுரு பெருங்கோவிலில் ஒப்புரவு வழிபாடு நடந்தபோது, திருத்தந்தை பிரான்சிஸ் தாம் அமர்ந்து பிறரின் ஒப்புரவைக் கேட்கவேண்டிய இருக்கையை நோக்கி அழைத்துச் செல்லப்பட்டார். அவர் நடுவழியில் திரும்பி, வேறொரு அருள்பணியாளரின் முன் எல்லோரும் காண முழந்தாளிட்டுத் தம் பாவங்களை அறிக்கையிட்டார். 978-ஆம் இலக்கத்தின்படி ஒப்புரவு கேட்கும் அருள்பணியாளர் மருத்துவராகவும் நடுவராகவும் ஒருங்கே செயல்படுகிறார். ஆக, அகமன்றத்தில், அதாவது மனச்சான்று சார்ந்த ஒப்புரவின் தளத்தில், திருத்தந்தைக்கும் ஒரு நடுவர் இருக்கிறார். நான் முதலில் ‘நடுவரின்மை’ என்ற சொல்லைத்தான் எழுதிவைத்திருந்தேன்; இந்த இலக்கத்தைப் படித்த பிறகு அதைக் கைவிட்டேன்.

வரலாற்றைப் பார்த்தால் சொல்லின் பொருள் இன்னும் துலங்கும். 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தை சிம்மாக்குஸ்மீது எதிரணியினர் குற்றம் சுமத்தினர். இத்தாலியை ஆண்ட அரசர் தியோதோரிக் கூட்டிய ஆயர் மன்றம், தீர்ப்பைக் கடவுளிடமே விட்டுவிடுவதாக அறிவித்தது. அவருடைய ஆதரவாளர்கள் அக்காலத்தில் பல போலி ஆவணங்களைப் புனைந்தனர். அவற்றுள் ஒன்றில், சிலைகளுக்குத் தூபம் காட்டியதாகக் குற்றம் சுமத்தப்பட்ட பழைய திருத்தந்தை மார்செல்லினுஸிடம் ஆயர்கள், நாங்கள் தீர்ப்பிடமாட்டோம், உம் வாயாலேயே உம்மைத் தீர்ப்பிட்டுக்கொள்ளும் என்கிறார்கள். முதற்பீடம் எவராலும் தீர்ப்பிடப்படாது என்ற வாசகம் பரவியதில் இந்தப் போலி ஏட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. கோட்பாட்டை ஏற்பவர்களும் இதை மறைக்காமல் சொல்லவேண்டும் என்றே நினைக்கிறேன்.

மூன்றாம் லியோவின் நிகழ்வு இன்னும் தெளிவானது. 799 ஏப்ரலில் உரோமைத் தெருவில் தாக்கப்பட்ட அவர், தப்பிச்சென்று பாதெர்போர்னில் பிராங்கு அரசர் சார்லமேனைச் சந்தித்தார். அவர்மீதான குற்றச்சாட்டுகளை ஆராய 800 டிசம்பரில் பேதுரு பெருங்கோவிலில் அவை கூடியது. திருத்தூதுப் பீடத்தைத் தீர்ப்பிடத் தங்களால் இயலாது என்று ஆயர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். டிசம்பர் 23 அன்று லியோ நற்செய்தி நூலைக் கையில் ஏந்தி வாசகமேடையில் ஏறி, எவராலும் தீர்ப்பிடப்படாமலும் வற்புறுத்தப்படாமலும் தாமாகவே முன்வந்து, தம்மீது சுமத்தப்பட்ட குற்றங்களைச் செய்யவில்லை என்று சத்தியம் செய்தார். இரண்டு நாள் கழித்து அதே கோவிலில் சார்லமேனுக்கு முடிசூட்டினார். அவை கூடியது, குற்றம் பேசப்பட்டது, மறுமொழியும் கிடைத்தது. வழக்கு மட்டும் மன்றில் ஏறவில்லை. (இத்தகைய சத்தியத்துக்குத் ‘தூய்மைச் சூள்’ என்ற சொல்லை வைக்கலாம்.)

இங்கிருந்துதான் என் முன்மொழிவு வருகிறது: ‘மன்றேறாமை’. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்ற பழமொழியில் உள்ள அதே ஏறுதல்தான் இது. மன்று என்பது பலர் கூடி வழக்கு உரைக்கும் இடம். ஒப்புரவு இருக்கையை எவரும் மன்று என்னமாட்டார்கள். குற்றம் இல்லை என்றோ, சட்டம் இல்லை என்றோ, பேசக்கூடாது என்றோ இச்சொல் சொல்வதில்லை. வழக்கு மன்றுக்குப் போகாது என்பதை மட்டும் சொல்கிறது. பழமொழியின் நிழலால் முறையிடுபவரின் கையறு நிலையும் சொல்லில் ஒலிக்குமே என்று சிலர் தயங்கலாம். அந்த ஒலி இருப்பதே நேர்மை என்பேன். 2019-இல் வெளியாகி 2023-இல் நிலைபெற்ற ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி’ ஆணை, பாலியல் கொடுமை தொடர்பாகக் கர்தினால்கள், முதுபெரும் தந்தையர், ஆயர்கள், திருத்தந்தையின் தூதர்கள் ஆகியோர்மீது வரும் முறையீடுகளுக்கு வழி வகுக்கிறது. அந்தப் பட்டியலில் திருத்தந்தை இல்லை. அவருடைய தீர்ப்புக்கோ ஆணைக்கோ எதிராக மேல்முறையீடு இல்லை என்று 333-ஆம் இலக்கமும் கூறுகிறது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு இது எத்தகைய சுவர் என்பதை நம் சொல் மறைக்கலாகாது.

துணைச்சொற்களில் இரண்டைக் கவனமாக முடிவு செய்யவேண்டும். 1406-ஆம் இலக்கம், 1404-ஐ மீறி எவரேனும் தீர்ப்பளித்தால் அச்செயல்கள் ‘செய்யப்படாதவையாக’க் கருதப்படும் என்கிறது. இதைச் ‘செல்லாதவை’ என்று மொழிபெயர்க்கக் கூடாது. செல்லாதது நடந்து, பின்னர் பயனற்றுப்போனது. இங்கே சட்டம் அது நடக்கவே இல்லை என்கிறது. ‘நிகழாச்செயல்’ என்று கொள்ளலாம்.

இரண்டாவது, தப்பறைக்கு (திருச்சபையின் விசுவாசத்துக்கு மாறான கொள்கைக்கு) உட்பட்ட திருத்தந்தை பற்றிய பழைய கேள்வி. 1140 அளவில் திருச்சபைச் சட்ட அறிஞர் கிராத்தியான் தொகுத்த நூலில், திருத்தந்தையை எவரும் தீர்ப்பிடலாகாது, அவர் விசுவாசத்தினின்று விலகியவராகக் கண்டறியப்பட்டாலன்றி, என்ற விதிவிலக்கு இருந்தது. 1917-ஆம் தொகுப்பிலும் 1983-ஆம் தொகுப்பிலும் அவ்விதிவிலக்கு இடம்பெறவில்லை. ஆயினும் இறையியலாளர் விவாதம் நிற்கவில்லை. கயேத்தான் அத்தகையவர் திருச்சபையால் நீக்கப்படவேண்டும் என்றார். பெல்லார்மீனோ, வெளிப்படையான தப்பறையாளர் அக்கணமே தாமாகவே பதவியை இழக்கிறார், அதன் பின் திருச்சபை தீர்ப்பிடுவது திருத்தந்தையை அன்று என்றார். முன்னதற்குப் ‘பதவிநீக்கம்’, பின்னதற்குப் ‘பதவியிழப்பு’ என்று பிரித்தே எழுதவேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் பெல்லார்மீனின் வாதமே காணாமல் போகும். ஒரே காலத்தில் பலர் திருத்தந்தைப் பதவிக்கு உரிமை கோரிய பிளவைத் தீர்க்கக் கூடிய கான்ஸ்தான்ஸ் சங்கம், 1415 மே 29 அன்று பீசா வழிவந்த இருபத்துமூன்றாம் யோவானை அகற்றியது பதவிநீக்கம். உரோமை வழிவந்த பன்னிரண்டாம் கிரகோரி அதே ஆண்டு ஜூலை 4 அன்று தாமே விலகினார். அது 332-ஆம் இலக்கம் இன்று கூறும் ‘பதவிவிலகல்’. அந்த விலகலை எவரும் ஏற்கவேண்டியதில்லை, அது தன்னுரிமையோடு செய்யப்பட்டு முறையாக வெளிப்படுத்தப்பட்டால் போதும். அகற்றப்பட்டவரை அலுவல்முறைப் பட்டியல் திருத்தந்தையாக எண்ணவில்லை என்பதால்தான் 1958-இல் திருத்தந்தையாகத் தேர்வான ரொன்காலி, இருபத்துமூன்றாம் யோவான் என்ற அதே பெயரையும் எண்ணையும் மீண்டும் ஏற்க முடிந்தது.

கலைச்சொல் தொகுப்புக்கு நான் முன்வைக்கும் பதிவு இது: ‘மன்றேறாமை: திருத்தந்தை பதவியில் இருக்கும் காலத்தில் அவருக்கு எதிரான எந்த வழக்கையும் ஏற்றுத் தீர்ப்பிடத் திருச்சபையில் வெளிமன்றம் (ஒப்புரவு சாராத பொது நீதி அவை) எதற்கும் அதிகாரம் இல்லாமை, மீறித் தீர்ப்பிட்டால் அது நிகழாச்செயல்.’ இதில் ‘பதவியில் இருக்கும் காலத்தில்’ என்ற தொடரை நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். பதவி விலகிய பதினாறாம் பெனடிக்ட், மியூனிக் பேராயராக இருந்த 1977–1982 காலச் செயல்பாடுகள் குறித்து, அம்மறைமாவட்டத்தில் நடந்த பாலியல் கொடுமைகள் பற்றி 2022-இல் வெளியான அறிக்கைக்காக 82 பக்க விளக்கம் அளித்திருந்தார். அது திருச்சபை நீதிமன்றம் அன்று, வழக்கறிஞர்களின் ஆய்வு மட்டுமே. என்றாலும் பீடத்தை விட்டு இறங்கியவருக்கு இக்கோட்பாடு பொருந்துமா என்ற கேள்வியை அது எழுப்பியது. சட்டத்தின் வாசகமோ விலகியவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அத்தொடர் வரையறையில் இருக்கலாமா, அடிக்குறிப்புக்குப் போகவேண்டுமா என்பதில் திருச்சபைச் சட்டம் பயின்ற நண்பர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.