நேரில் பார்த்த பிறகு ஒரு நடிகரைப் பற்றிய மதிப்பு மாறுவது நியாயமா?

கேள்வி: மலைக்கோட்டை ரசிகன்

எங்கள் ஊரில் அண்மையில் நடந்த ஒரு நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு, பள்ளிப் பருவத்திலிருந்து நான் விரும்பிப் பார்த்துவரும் நடிகர் ஒருவர் வந்திருந்தார். பெயரைச் சொல்வது முறையாகாது என்பதால் தவிர்க்கிறேன். கடைக்காரர் எங்களுக்கு உறவினர் என்பதால், மேடைக்குப் பின்னால் அவர் அமர்ந்திருந்த அறைக்குள் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் வணக்கம் சொன்னபோது அவர் கைப்பேசியிலிருந்து நிமிரவே இல்லை. படம் எடுக்கும் நொடியில் மட்டும் எழுந்து என் தோளில் கைபோட்டு, திரையில் பார்க்கும் அதே சிரிப்பைச் சிரித்தார். எடுத்து முடித்ததும் கையும் சிரிப்பும் ஒருசேர விலகின. அவர் என்னை அவமதித்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவருடைய படம் எதைத் தொலைக்காட்சியில் போட்டாலும், அவர் கண்கலங்கும் காட்சியில்கூட அந்தச் சிரிப்பு மறைந்த விதம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

என் நண்பர் ஒருவரின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. விமான நிலையத்தில் வேறொரு நடிகர் அவரிடம் ஊர், தொழில் எல்லாம் விசாரித்துச் சிறிது நேரம் பேசினாராம். அன்று முதல் அந்த நடிகரின் சுமாரான படங்களையும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறார். பல ஆண்டுகளாக வளர்ந்த ஓர் அபிப்பிராயத்தைச் சில நொடிச் சந்திப்பு இப்படிப் புரட்டிப்போடுவது சரியா? அந்தச் சில நொடிகளில் நாம் உண்மையில் எதைப் பார்க்கிறோம்? அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதில் 1: விழாக்காரன்

இத்தகைய விழாக்களை ஏற்பாடு செய்து தருவதுதான் என் தொழில் என்பதால், அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல முடியும். திறப்பு விழாவுக்கு வரும் நடிகருடன் நாங்கள் பேசி முடிப்பது மணிக்கணக்குதான். விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது, ரிப்பன் வெட்டுவது, குத்துவிளக்கு ஏற்றுவது, முதல் விற்பனையைத் தொடங்கிவைப்பது, மேடையில் ஓரிரு வார்த்தை பேசுவது, முதலாளி குடும்பத்துடன் படம் எடுத்துக்கொள்வது, திரும்பும் விமானத்துக்கு நேரத்தோடு கொண்டுபோய் விடுவது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வோம். ரசிகருடன் படம் என்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. கடைசி நேரத்தில் முதலாளி வந்து, "நம்ம ஆளுங்க நாலு பேர்தான்" என்பார். கதவைத் திறந்தால் நாற்பது பேர் நிற்பார்கள். படக்காரர் 'ஓகே' என்று சொன்ன மறுகணமே பவுன்சர் தோளைப் பிடித்து நகர்த்துவார், அடுத்தவர் வந்து நிற்பார். நாற்பது முறை சிரித்து நாற்பது முறை அதை விடும் முகத்தில், ஒவ்வொரு முறையும் அது இயல்பாக மறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். நீங்கள் அன்று சந்தித்தது அந்த நடிகரை அல்ல, ஐயா. ஒரு வரிசையைச் சந்தித்தீர்கள்.

வரிசையை ஒழுங்காக நடத்தினால் அதே சில நொடிகளே போதும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2017 மே மாதம் கோடம்பாக்கம் ராகவேந்திரா திருமண மண்டபத்தில் ரஜினிகாந்த் மாவட்ட வாரியாக ரசிகர்களைச் சந்தித்தார். டிசம்பர் கடைசி வாரத்திலும் அந்தச் சந்திப்பு தொடர்ந்து, 31ஆம் தேதி அரசியலுக்கு வருவதாக அவர் அறிவித்ததில் முடிந்தது. ஒவ்வொருவருக்கும் கிடைத்தது ஒரு படமும் ஒரு வணக்கமும்தான். எந்த நாள் தன் மாவட்டத்துக்கு என்பதும், போனால் என்ன கிடைக்கும் என்பதும் முன்பே தெரிந்திருந்ததால், எனக்குத் தெரிந்து போனவர்களில் ஏமாற்றத்தோடு திரும்பியவர் எவரும் இல்லை. கட்சி தொடங்கப்போவதில்லை என்று 2020 டிசம்பர் 29 அன்று அவர் அறிவித்தபோது மனம் நொந்துபோன சிலரை நான் அறிவேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த அந்தப் படத்தை எவரும் கழற்றவில்லை.

பதில் 2: செந்தாமரை

விழாக்காரர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நெரிசல் ஒருவருடைய முகம் கடுகடுப்பதை விளக்கும். ஆனால் ஒரே மாதிரியான செயலுக்கு ரசிகர்கள் ஒருவரை உடனே மன்னிப்பதையும், இன்னொருவரை ஆண்டுக்கணக்கில் குத்திக்காட்டுவதையும் நெரிசலை வைத்து விளக்க முடியாது.

2018 மே மாதம் தில்லிக்குத் தேசிய விருது பெறச் சென்ற பாடகர் கே.ஜே. யேசுதாஸ், தன்னைச் சேர்த்து செல்ஃபி எடுத்த ஒருவரின் கைப்பேசியை வாங்கிப் படத்தை அழிக்கச் செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் மதுரையில் ஒரு மருத்துவ மையத்தின் திறப்பு விழாவில், அனுமதி கேளாமல் செல்ஃபி எடுக்க முயன்ற இளைஞரின் கைப்பேசியை நடிகர் சிவகுமார் தட்டிவிட்ட காணொளி ஒரே நாளில் எங்கும் பரவியது. 2021 ஏப்ரல் 6 அன்று திருவான்மியூர் வாக்குச்சாவடியில் நெருங்கி வந்து செல்ஃபி எடுத்தவரின் கைப்பேசியை அஜித் பறித்துக்கொண்டு பின்னர் திருப்பிக் கொடுத்தார். மூன்றும் ஏறக்குறைய ஒரே செயல்தான். ஆனால் அஜித்தின் ரசிகர்கள் அதைப் பெரிதுபடுத்தவே இல்லை. முகக்கவசம் இல்லாமல் அவ்வளவு அருகில் போனவர்மீதுதான் தவறு என்றார்கள். சிவகுமார் வருத்தம் தெரிவித்து, அந்த இளைஞருக்குப் புதிய கைப்பேசி கிடைத்த பிறகும் கேலி ஓயவில்லை. அடுத்த ஆண்டு ஒரு திருமண விழாவில் மீண்டும் அதுபோல் நடந்தபோது இரட்டிப்பானது.

நான் இதற்குச் சொல்லும் காரணம், எந்த அளவுகோலை அவரவரே நம் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான். அஜித் 2011ஆம் ஆண்டிலேயே தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்துவிட்டவர். அதன்பின் பல ஆண்டுகள் விழாக்களுக்கு வந்ததில்லை, பேட்டி தந்ததில்லை. உங்களுக்கு நான் எப்போதும் கிடைப்பேன் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சிவகுமாரோ இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் கையில் குறிப்புத் தாள் இல்லாமல் மணிக்கணக்கில் மேடையில் பேசியவர், யோகாவையும் ஒழுக்கத்தையும் மன அடக்கத்தையும் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லிவந்தவர். அந்தப் பேச்சைக் கேட்டு அவரை மதித்தவர்கள்தான் அதிகம் புண்பட்டார்கள். அவரைப் பாதுகாத்துப் பேசுவதற்கும் நியாயம் இருக்கிறது: முகத்துக்கு நேரே கேளாமல் நீட்டப்படும் கைப்பேசியும் ஒருவகை அத்துமீறல்தான். ஆனாலும் பேச்சும் செயலும் பொருந்தவில்லை என்ற எண்ணத்தைப் புதிய கைப்பேசி போக்கிவிடாது.

அளவுகோல் தாழ்வாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எம்.என். நம்பியாரைப் பாருங்கள். திரையில் எம்.ஜி.ஆருக்கு அவர் இழைத்த கொடுமைகளைப் பார்த்துத் திரையரங்கில் சாபமிட்ட பெண்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். வாழ்க்கையில் அவர் மது அருந்தாதவர், சைவ உணவுக்காரர், பல்லாண்டுகள் தம் குழுவினரைச் சபரிமலைக்கு அழைத்துச் சென்ற குருசாமி. கைகளைப் பிசைந்துகொண்டு உருட்டிய விழியோடு வரும் வில்லனை எதிர்பார்த்துப் போன ஒருவருக்கு, கழுத்தில் மாலையும் நெற்றியில் சந்தனமுமாக ஒரு சாமி வந்து கைகூப்பினால் அதுவே போதும். அவர் அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கதாநாயகர்களுக்கு அந்த வசதி இல்லை.

மலைக்கோட்டை ரசிகன்

இருவருக்கும் நன்றி. வரிசை, அளவுகோல் இரண்டையும் புரிந்துகொள்கிறேன். ஆனால் இரண்டு விளக்கத்தின்படியும் சந்திப்பிலிருந்து அந்த மனிதரைப் பற்றி எதுவும் தெரியாது என்றல்லவா ஆகிறது? நேரில் பார்த்தவர்களின் சொல்லுக்கு மதிப்பே இல்லையா?

பதில் 3: சாலிகிராமத்தான்

மதிப்பு உண்டு தம்பி. ஒருமுறை பார்த்தவர்களின் சொல்லுக்கல்ல, தினமும் பார்த்தவர்களின் சொல்லுக்கு. நான் குடியிருக்கும் பகுதியில் லைட்மேன், ஒப்பனை உதவியாளர், புரொடக்‌ஷன் பையன், சண்டைக் கலைஞர் என்று படப்பிடிப்பில் வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நடிகர்களைப் பற்றி அவர்கள் பேசுவதில் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. யார் சம்பள பாக்கிக்காகத் தயாரிப்பாளரிடம் பேசினார், யார் வெயிலில் நின்றவனை நிழலுக்கு அழைத்தார் என்பதுதான் பேச்சாக இருக்கும். அந்தப் பேச்சில் விஜயகாந்தின் பெயர் அடிபடும் விதமே தனி. பெரிய நடிகருக்கு ஒரு சாப்பாடு, கடைநிலைத் தொழிலாளிக்கு இன்னொரு சாப்பாடு என்றிருந்த வழக்கத்துக்கு மாறாக, தாம் நடிக்கும் படத்தில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போடவேண்டும் என்று அவர் வற்புறுத்தியதை அவர்கள் சொல்லச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். தியாகராய நகரில் இருந்த அவருடைய அலுவலகத்தில் வாய்ப்புத் தேடி வந்தவர்கள் பசியாறியதைத் திரைத்துறையில் பலர் வெளிப்படையாகவே பதிவு செய்திருக்கிறார்கள். நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நட்சத்திர விழா நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்ததும் எல்லோரும் அறிந்தது.

ஆனால் அவரை நேரில் அறியாதவர்களுக்கு, 2011இல் எதிர்க்கட்சித் தலைவரான பிறகு கிடைத்தது வேறு ஒரு பிம்பம். உடல்நலம் குன்றியபோது அவருடைய பேச்சு தடுமாறியது. அதை வெட்டி ஒட்டி மீம் போட்டுச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களில் பலர் அவரை ஒருநாளும் நேரில் பார்த்திராத இளைஞர்கள். 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்து, தீவுத்திடலில் உடல் வைக்கப்பட்டபோது கூடிய கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தவர்களும் அவர்கள்தான். அன்று தொலைக்காட்சியில் மைக் நீட்டிய இடமெல்லாம் அவரிடம் சாப்பிட்டவர்களின் பேச்சுதான். அந்தப் பேச்சு அதற்கு முன்பும் எங்கள் தெருவில் இருந்தது, வெளியே யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோறு போட்டவர் நல்ல நிர்வாகியாகவும் இருப்பார் என்று சொல்ல முடியாது. அவரை வாயாரப் புகழ்ந்த என் தெருக்காரர்களில் சிலர் அவர் கட்சிக்கு ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. 2016 தேர்தலில் உளுந்தூர்ப்பேட்டையில் அவர் வைப்புத்தொகையையே இழந்தார். மனிதரைப் பற்றிய அபிப்பிராயத்தையும் கட்சியைப் பற்றிய அபிப்பிராயத்தையும் அவர்கள் தனித்தனியே வைத்திருந்தார்கள். படத்துக்கும் அதையே செய்யலாம் என்பது என் எண்ணம்.

பதில் 4: கீழைக்காற்று

சாலிகிராமத்தான் ஐயா சொன்ன பிறகு நான் சேர்ப்பதற்குச் சிறிதுதான் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஹார்ட்டனும் வோலும், தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலத்தில், 1956ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில், திரையில் தோன்றுபவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே உருவாகும் ஒருதலை நெருக்கத்தை விவரித்தார்கள். நமக்கு அவர் வீட்டு மனிதர். அவருக்கு நாம் முன்பின் அறியாதவர். நேரில் சந்திக்கும்போதுதான் இந்த ஏற்றத்தாழ்வு முதன்முறையாக நம் கண்ணில் படுகிறது. மலைக்கோட்டை ரசிகன் அவர்களுக்கு அந்த அறையில் வலித்தது இதுதான் என்று நினைக்கிறேன். நடிகர் எவ்வளவு இனிமையாக நடந்துகொண்டிருந்தாலும் அந்த வலியில் ஒரு பங்கு இருந்தே இருக்கும்.

நான் சினிமாக்காரர் எவரையும் சந்தித்ததில்லை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில், எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவர் பதிப்பக அரங்கில் அமர்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் கதைகள் எல்லாம் பிடிக்கும் என்று எனக்கு முன்னால் நின்றவர்கள் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தார். ஒரு கதையின் முடிவு எனக்கு ஒப்பவில்லை என்று நான் சொன்னதும் பேனாவை மூடிவைத்துவிட்டு, ஏன் ஒப்பவில்லை என்று கேட்டார். பதிலைக் கேட்டுக் கோபப்பட்டார், கையை ஆட்டி ஆட்டி வாதாடினார், பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகும் விடவில்லை. அந்த முடிவு இன்றும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அவர் எவ்வளவு யோசித்து அதை எழுதினார் என்பது எனக்குத் தெரிந்தது.

விழாக்காரன்

கீழைக்காற்று அம்மா சொல்வது எங்கள் தொழிலிலும் உண்மைதான். கைப்பேசியை நீட்டுபவருக்குக் கிடைப்பது அந்தச் சிரிப்பு மட்டுமே. ஒரு பழைய படத்தின் பெயரைச் சொல்லி, இந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்பவரைப் பவுன்சர் நகர்த்தப் போனால் நடிகரே கையமர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டுமானால் கடைத் திறப்பு விழாவுக்குப் போகாதீர்கள், அங்கே எங்களுக்கே மூச்சுவிட நேரமிருக்காது. நாடகமோ கச்சேரியோ முடிந்தபின் ஒப்பனை அறை வாசலில் கூட்டம் கலையும் வரை காத்திருங்கள்; ஊருக்குத் திரும்பும் அவசரம் இல்லாத கலைஞர் அந்த நேரத்தில்தான் நின்று பேசுவார்.